பழைய கணினிப் பாகங்கள்: சோதித்து, எழுதிக் கொடுங்கள்

கணினியைத் தானே திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர் வீட்டில், பரணிலோ கட்டிலடியிலோ ஓர் அட்டைப்பெட்டி கட்டாயம் இருக்கும். இரண்டு மூன்று ராம், ஒரு ஹார்டு டிஸ்க், பெரிய வாட்டுக்கு மாறியபோது கழற்றிய எஸ்எம்பிஎஸ், எந்த மடிக்கணினிக்கு உரியவை என்றே மறந்துபோன அடாப்டர்கள். இவற்றில் பலவும் நல்ல நிலையில் இருக்கும்போதே கழற்றப்பட்டவை. அதைவிட வேகமானது கைக்கு வந்ததால் பெட்டிக்குப் போனவை. அதே ஊரில் இன்னொருவர் 2012-ஆம் ஆண்டு மடிக்கணினி ஒன்றுக்கு 4 ஜிபி ராம் தேடிக்கொண்டிருப்பார். கொடுக்க இவருக்கு மனம் உண்டு, வாங்க அவருக்குத் தேவை உண்டு. ஆனாலும் பாகம் நகர்வதில்லை. பெட்டிக்குள் இருப்பது எந்த வகை, அது இன்று ஓடுமா என்பது பெட்டிக்காரருக்கே தெரியாததுதான் காரணம். ஆகவே இந்த அத்தியாயத்தின் வாதம் ஒன்றே ஒன்று: பாகத்தோடு சேர்த்து, அதைப் பற்றிச் சோதித்து அறிந்த தகவலையும் கொடுத்தால்தான் அது கொடை. தகவல் இல்லாமல் கொடுப்பவர் தன் வீட்டுக் குப்பையை அடுத்தவர் வீட்டுக்கு மாற்றுகிறார், அவ்வளவுதான்.

பொழுதுபோக்காகக் கணினி கட்டுவோர் இதைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கோர்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் வீட்டுக் கார் கொட்டகையில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் முதன்முதலாகக் கூடியது. பின்னாளில் ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் வாஸ்னியாக் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர். கிளப் வளர்ந்த பிறகு லீ ஃபெல்சென்ஸ்டைன் கூட்டங்களை நடத்தினார். அவற்றுக்கு இரண்டு பகுதிகள் இருந்தன. முதல் பகுதியில் ஒவ்வொருவராக எழுந்து, தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும், என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்வார்கள். அதன் பிறகே, தேவைப்பட்டவரைத் தேடிப்போய்ப் பேசி, சிப்பும் பலகையும் சுற்றுப்படமும் கைமாற்றிக்கொள்ளும் இரண்டாம் பகுதி. வரிசை முக்கியம். பேச்சு முன்னால், பொருள் பின்னால். கூட்டத்தின் நடுவே ஒரு மேசையில் எல்லாவற்றையும் கொட்டி 'வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டிருந்தால், முந்தியவன் கையில் கொத்தாக அகப்பட்டு, வேண்டியவனுக்குப் போகாமல் போயிருக்கும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, இரும்புக்கடையில் எடைக்குப் போட்டால் ஆகாதா என்ற கேள்வி நியாயமானதே. எரிக் வில்லியம்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. 2 கிராம் எடையுள்ள 32 எம்பி நினைவகச் சிப் ஒன்றைச் செய்து, அதை அதன் ஆயுள் முழுதும் பயன்படுத்த 1,600 கிராம் புதைபடிவ எரிபொருளும் 72 கிராம் வேதிப்பொருளும் 32 கிலோ தண்ணீரும் செலவாகின்றன என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இன்றைய சிப்புகளின் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் உண்மையின் போக்கு மாறவில்லை. சிப்பின் மதிப்பு அதன் உலோகத்தில் இல்லை, மிகத் தூய சிலிக்கனின் மேல் நுட்பமாகச் செதுக்கிய வேலையில் இருக்கிறது. உருக்கினால் தங்கமும் செம்பும் கொஞ்சம் திரும்பி வரும். அந்த வேலை திரும்பி வராது. அந்த உலோகத்தை மீட்கும் முறையும் பல இடங்களில் நல்லதாக இல்லை. தில்லி சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் கேபிளை எரித்தும் பலகையை அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் பிரிப்பது பல காலமாகப் பதிவாகியிருக்கிறது. உலகம் 2022-இல் போட்ட மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடு மட்டுமே என்கிறது ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை. பாகமாகவே இன்னும் ஐந்தாண்டு ஓடக்கூடியதை எடைக்குப் போடுவது வீண் என்பதற்கு இவ்வளவு போதும்.

இனி வாதத்தின் மையத்துக்கு வருவோம். கணினிப் பாகத்தில் மிகவும் ஏமாற்றுவது, பொருந்துவதெல்லாம் ஓடிவிடும் என்ற நம்பிக்கை. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் மேசைக்கணினி ராமில் 240 பின்கள்தான். வெட்டு இருக்கும் இடம் மட்டும் வேறு. நல்லவேளை, அந்த வெட்டு தவறாகச் செருகவிடாது. ஆனால் டிடிஆர்3-க்கு உள்ளேயே சிக்கல்கள் உண்டு, அவற்றை எந்த வெட்டும் காப்பாற்றாது. 1.5 வோல்ட் ராமும் 1.35 வோல்ட் 'எல்' வகை ராமும் மடிக்கணினியில் ஒரே 204 பின் சாக்கெட்டில் உட்காரும். 2013-க்குப் பிந்தைய மடிக்கணினிகள் பலவும் 1.35 வோல்ட்டையே கேட்கும்; பழைய 1.5 வோல்ட் ராமைச் செருகினால் திரை இருட்டாகவே நிற்கும். சர்வரில் இருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராம் மேசைக்கணினி மதர்போர்டில் அழகாகப் பொருந்தும், ஓடாது. ஜி41 சிப்செட் உள்ள பலகையில் டிடிஆர்3 இடம் இருந்தாலும், பிற்காலத்து அடர்த்தியான சிப்புகள் உள்ள ராமை அது ஏற்காது. புராசஸரிலும் இதே கதைதான். இன்டெல்லின் ஆறாம், ஏழாம் தலைமுறையும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறையும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயருள்ள சாக்கெட்டில் உட்காரும். ஒன்றுக்குரிய பலகையில் மற்றது ஓடாது. எச்61 பலகை மூன்றாம் தலைமுறை புராசஸரை ஏற்க வேண்டுமானால் முதலில் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். '4 ஜிபி ராம் ஒன்று இருக்கிறது, வேண்டுமா?' என்ற ஒற்றை வரி அறிவிப்பு ஏன் பயனற்றது என்பது இப்போது விளங்கும். வாங்கியவர் பேருந்து ஏறி வந்து எடுத்துப்போய், செருகி, ஓடவில்லை என்றால் ராம் கெட்டதா, வகை பொருந்தவில்லையா, தன் மதர்போர்டே போய்விட்டதா என்று மூன்று சந்தேகங்களோடு உட்கார்ந்திருப்பார். லேபிள் கிழிந்த மருந்துப் புட்டியை யாரும் அடுத்தவருக்குக் கொடுப்பதில்லை. இதையும் அப்படியே கருத வேண்டும்.

சோதிப்பது பெரிய வேலை என்று தயங்க வேண்டியதில்லை. ராமுக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்கி, குறைந்தது ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கினால் இன்னும் நல்லது. சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் கொடைக்கு உரியதல்ல. அதற்கு முன் தங்கநிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகளைத் துடைத்துவிடுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் கிடந்த ராம்கள் பலவும் இதிலேயே உயிர் பெறும். ஹார்டு டிஸ்க்குக்கு ஸ்மார்ட் பதிவைப் பாருங்கள். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் போதும். மாற்றிடப்பட்ட செக்டர்களைக் காட்டும் 5-ஆம் எண்ணும், காத்திருக்கும் செக்டர்களைக் காட்டும் 197-ஆம் எண்ணும் சுழியமாக இருக்க வேண்டும். 199-ஆம் எண் ஏறியிருந்தால் பெரும்பாலும் குற்றம் கேபிளுடையது. டிஸ்க்கைக் குறை சொல்லிவிடாதீர்கள். எஸ்எஸ்டி என்றால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை விழுக்காட்டில் அதுவே சொல்லும். 'கடைசியாக எடுத்தபோது ஓடியது' என்பது சோதனை ஆகாது. அது கழற்றிய நாளைப் பற்றிய நினைவு மட்டுமே.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் கடுமையாக இருக்கப் பரிந்துரைக்கிறேன். ராம் கெட்டிருந்தால் கணினி ஓடாது, அத்தோடு சரி. எஸ்எம்பிஎஸ் கெட்டிருந்தால் மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைத்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அது உயிர் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கையோ இரண்டு ஃபேன்களையோ சுமையாகக் கொடுத்து, மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் விலகினால் வேண்டாம். மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளேயுள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் அதன் கேபிள்களை அதனுடனேயே கட்டிக் கொடுங்கள், தனியாக யாருக்கும் கொடுக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையின் வயர் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொன்றில் மாட்டினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் கருகும். மதர்போர்டில் மேல்மூடி உப்பிய கெப்பாசிட்டர்கள் தெரிந்தால் அதை 'ஓடுகிறது' என்று எழுதாதீர்கள். சால்டரிங் தெரிந்தவருக்கு மட்டும் என்று எழுதுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை எந்தப் பெயரிலும் கைமாற்றக் கூடாது.

சோதித்ததை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பாகத்தோடு ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். பாகத்தின் முழு மாதிரி எண், எந்த இயந்திரத்தில் இருந்து கழற்றியது, எப்படி எந்தத் தேதியில் சோதித்தது, தெரிந்த குறை என்ன. இவற்றில் கடைசியானதே அதிகம் மறைக்கப்படுவது, அதிகம் பயன்படுவதும் அதுவே. 'ஒரு யூஎஸ்பி போர்ட் வேலை செய்யாது' என்று எழுதிய மதர்போர்டை அதற்கேற்ற வேலைக்கு ஒருவர் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார். பேரலல் போர்ட் உள்ள பழைய மதர்போர்டு பெரும்பாலானோருக்குக் குப்பை. லினக்ஸ்சிஎன்சி கொண்டு சிறு வெட்டும் இயந்திரம் ஓட்டுபவருக்கு அதுதான் தேடும் பொருள். பழைய டிவிடி டிரைவின் ஸ்டெப்பர் மோட்டார், உடைந்த மடிக்கணினியின் திரை, சாதாரண 2.5 அங்குல சாட்டா டிஸ்க் என ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு வேலை இருக்கிறது. ஆனால் திரையின் பின்புறம் ஒட்டியுள்ள மாதிரி எண் தெரியாவிட்டால் அதற்கேற்ற கன்ட்ரோலர் பலகையை வாங்க முடியாது. அடாப்டருக்கு வோல்ட், ஆம்பியர், பின்னின் துருவம் மூன்றும் எழுதுங்கள். டெல் போன்ற சில நிறுவனங்களின் மடிக்கணினிகள் தம் அடாப்டரை அடையாளம் கண்டால்தான் பேட்டரியை ஏற்றும் என்பதால் எதற்கு உரியது என்பதும் வேண்டும். பயாஸ் கடவுச்சொல் போட்ட மடிக்கணினி என்றால் அதை நீக்கிவிட்டே கொடுங்கள். பூட்டிய பொருளும் தகவல் இல்லாத பொருளே.

கொடுக்க மறுப்பவர்கள் சொல்லும் காரணங்களில் மிகவும் வலுவானது டிஸ்க்கில் இருக்கும் சொந்தத் தகவல். இந்த அச்சம் கற்பனை அல்ல. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகிய எம்ஐடி ஆய்வாளர்கள் பழைய சந்தையில் 158 டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். படிக்க முடிந்த 129 டிஸ்க்குகளில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12. மற்றவற்றில் கடன் அட்டை எண்களும் மருத்துவக் குறிப்புகளும் கிடந்தன. 'ஃபார்மட்' போட்டால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். சுழலும் ஹார்டு டிஸ்க்கை ஒருமுறை முழுக்கச் சுழியங்களால் நிரப்பினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்ற பழைய பேச்சு 1990-களின் டிஸ்க் நுட்பங்களுக்காகச் சொல்லப்பட்டது. எஸ்எஸ்டிக்கு மேலெழுதுவது போதாது, ஏனென்றால் எந்தத் தரவு எந்தச் செல்லில் போய் உட்காரும் என்பதை டிரைவே தீர்மானிக்கிறது. தயாரிப்பாளரின் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எழுந்து ஓடாத டிஸ்க்கை அழிக்கவும் முடியாது, அதனால் கொடுக்கவும் கூடாது. இதிலும் ஐயம் தீராதவர் டிஸ்க்கை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுக்கட்டும். டிஸ்க் ஒன்றுக்காக முழுப் பெட்டியையும் பூட்டி வைப்பதில் பொருள் இல்லை.

அடுத்த மறுப்பு மின்கட்டணம். பழைய இயந்திரம் கரண்டைக் குடிக்கும் என்பது உண்மை. எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்து அந்த உண்மையின் கனம் மாறும். ஓய்வில் 80 வாட் இழுக்கும் மேசைக்கணினி ஒன்றை ஃபைல் சர்வராக இரவுபகலாக ஓடவிட்டால் ஆண்டுக்கு 700 யூனிட், அதாவது இரண்டு மாத பில்லில் 117 யூனிட். 5 வாட்டில் ஓடும் சிறு பலகைக்கணினி அதே வேலையை ஆண்டுக்கு 44 யூனிட்டில் முடிக்கும். ஆகவே சர்வர் வேலைக்குப் பழைய மேசைக்கணினியை யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். அதே இயந்திரம் பட்டறையில் நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 58 யூனிட்தான். அதற்காகப் புதிது வாங்குவது வீண்செலவு. 2004-இல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4-இல் சில மாதிரிகளுக்குப் புராசஸர் மட்டுமே 115 வாட். அதை அருங்காட்சி ஆசை உள்ளவருக்கு மட்டும் கொடுங்கள். ராம், எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு இந்த மறுப்பு பொருந்தவே பொருந்தாது.

ஓசியில் வாங்கிக்கொண்டு போய்ச் சென்னை ரிச்சி தெருவில் விற்றுவிடுவார்கள் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நடக்கும்தான். ஆனால் விற்றவர் சோதித்து விற்றால், வாங்கியவர் அதை ஓட்டினால், பாகம் அதன் வேலையைச் செய்துவிட்டது. நமக்கு வர வேண்டிய காசு போயிற்றே என்ற மனக்குறை மட்டும்தான் மிச்சம். அந்தக் குறை பெரிதாக இருந்தால் நேராகவே விற்றுவிடுங்கள், அதில் இழிவு ஏதும் இல்லை. 2025-இன் பிற்பகுதியில் ராம் விலை ஏறிய விதத்தைப் பார்த்தால், பெட்டியில் கிடக்கும் டிடிஆர்4-ஐ விற்பவரைக் குறைசொல்ல முடியாது. கொடுப்பது என்று முடிவெடுத்தவர் ஒன்று செய்யலாம்: முதலில் கேட்டவருக்கு என்று வைக்காமல், எந்த இயந்திரத்தில் எதற்காகப் போடப் போகிறார் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். பதில் சொல்பவருக்குப் பொருத்தம் பார்க்கவும் அதுவே உதவும். கூரியர் செலவு வாங்குபவருடையது. ராமும் எஸ்எஸ்டியும் எந்த ஊருக்கும் போகலாம். கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஊருக்குள்ளேயே கைமாறட்டும், அவற்றின் கூரியர் கட்டணம் பாகத்தின் விலையைத் தாண்டிவிடும்.

சட்டம் குறுக்கே நிற்குமா என்றால், தனிமனிதர்களுக்கு இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022, கழிவு என்று ஒதுக்கப்பட்டதையே மின்னணுக் கழிவு என்கின்றன. ஓடும் ராமை நண்பருக்குக் கொடுப்பது அதில் வராது. ஆனால் ஓராண்டில் 1,000 மின், மின்னணுக் கருவிகளாவது பயன்படுத்தும் நிறுவனம் அந்த விதிகளின்படி பெரும் நுகர்வோர். அது தன் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். அலுவலகத்தில் ஒதுக்கி வைத்த பத்து சிபியூவை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து தானம் செய்வது புண்ணியக் கணக்கில் சேராது.

நல்லெண்ணம் அதிகம் தவறுவது ஏழைப் பள்ளிகளின் விஷயத்தில். 'எதுவும் இல்லாததற்கு இது தேவலை' என்று 2 ஜிபி ராமும் உறுமும் ஃபேனும் கொண்ட இயந்திரங்களைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். பழுதுபார்க்க ஆள் இல்லாமல் அவை ஒரே பருவத்தில் மூலைக்குப் போகின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எனவே லினக்ஸ்தான் வழி. அதிலும் டெபியன் 13-இல் இருந்து 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது. 64 பிட் புராசஸர், 4 ஜிபி ராம், எஸ்எஸ்டி ஆகிய மூன்றும் சேராத இயந்திரத்தைப் பள்ளிக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு அரைகுறை இயந்திரங்களைக் கழற்றி ஒரு நல்ல இயந்திரம் ஆக்கிக் கொடுங்கள், கூடவே பழுது வந்தால் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணையும். சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. அவர்களைக் கலந்து செய்தால் வேலை பாதி. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பல லட்சம் மாணவர்கள் இயந்திரம் பெற்றார்கள். அந்தப் பழைய மடிக்கணினிகளில் இன்னும் எழுந்து ஓடுபவற்றுக்கு ஒரு ராமும் ஒரு சிறு எஸ்எஸ்டியும் கிடைத்தால் போதும். நம் கையில் உபரியாக இருப்பதும் பெரும்பாலும் அவையே.

வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு வாரத்துக்குள் மாட்டிப் பார்த்து, ஓடியதா இல்லையா என்று கொடுத்தவருக்குச் சொல்லுங்கள். ஓடினால் துண்டுத்தாளில் உங்கள் இயந்திரத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து அது கைமாறும்போது இன்னொரு பொருத்தம் உறுதியாகியிருக்கும். ஓடாவிட்டால் அதன்மேல் பெரிதாக 'பழுது' என்று எழுதி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள். யாருக்காவது பயன்படும் என்று மூன்றாவது ஆளுக்குத் தள்ளிவிடுவது மட்டும் கூடாது.